பின் சீட்டில் தலைவர்

ஸ்கூட்டரை மூடுவதற்கு ஒரு படுக்கை விரிப்பு போதவில்லை. முன்பக்கம் இழுத்தால் பின்சக்கரம் தெரிந்தது. பின்பக்கம் இழுத்தால் காற்றுத் தடுப்பு தலையை நீட்டிக்கொண்டு நின்றது. தெருமுனையில் பல் டாக்டரின் மோட்டார் சைக்கிள் சத்தம் வேறு கேட்டுவிட்டது.

"ஜன்னல் திரையக் கழட்டிக் குடு, சீக்கிரம்," என்று மனைவியிடம் பதறினார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

"எதுக்குங்க? வண்டிக்குக் குளிருதா?"

பிழைப்புக்குத்தான் கண்ணாடி விற்றாரே தவிர, அவருக்கு ஊரில் மரியாதை வாங்கிக் கொடுத்தது மோட்டார் சைக்கிள் சங்கம். கடை அடுத்த தெருவில்தான் என்பதால் மற்ற நாளெல்லாம் நடந்தே போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியை எடுப்பார். சங்கத்தார் எல்லோரும் தடதடவென்று கிளம்பி, எங்காவது தொலைவில் ஒரு டீ குடித்துவிட்டு, அதே தடதடவோடு திரும்பி வருவார்கள். அந்தச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். "கியர் இல்லாத வண்டியில போறதுக்கு வீட்டு சோபாவுலயே உட்கார்ந்திருக்கலாம்," என்று ஒரு கூட்டத்தில் முழங்கிக் கைதட்டல் வாங்கியவர்.

கைதட்டல் ஓய்ந்த சில மாதங்களில் அவருடைய இடுப்பு எதிர்க்கட்சிக்குப் போய்விட்டது. கிக்கரை உதைத்தால் சுளீர். ஸ்டாண்டு போட்டால் உயிர் போய் வந்தது. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று ஷோரூமுக்குப் போனவர், அந்தப் பெரிய ஸ்கூட்டரின் அகன்ற சீட்டில் ஒரு நிமிடம் உட்கார்ந்தார். அவ்வளவுதான். பழைய வண்டியை அங்கேயே கொடுத்துவிட்டு, ஏதோ திருடிக்கொண்டு வருகிறவர் போலச் சந்து சந்தாகப் புகுந்து வீடு வந்து சேர்ந்தார். விஷயம் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

பல் டாக்டர் வண்டியை நிறுத்தியதும் விரிப்புக்குக் கீழே தெரிந்த சக்கரத்தைத்தான் முதலில் பார்த்தார். சொத்தையைத் தேடியே பழகிய கண்.

"தலைவரே, என்னது இது?"

"அது வந்து... வீட்டுக்காரிக்கு வாங்கினது."

டீத் தட்டோடு வாசலுக்கு வந்த மனைவி அப்படியே நின்றாள்.

"அண்ணிக்கா? இவ்வளவு பெரிய வண்டியவா?"

"பெரிசுல கத்துக்கிட்டா சின்னது தானா வந்துடும்ல. நான்தான் சொல்லிக் குடுக்கறேன்."

"நல்ல விஷயம். சரி, உங்க வண்டி எங்க?"

"இன்ஜின் வேலை. வெளியூருக்கு அனுப்பியிருக்கேன்."

"நம்ம மெக்கானிக்க விட்டுட்டா?" என்று டீயை ஊதியபடி கேட்டார் டாக்டர். அவர் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் மெக்கானிக்கிடமிருந்து போன் வந்தது. சங்கத்தில் அவரும் ஓர் உறுப்பினர்.

"என் கை மேல நம்பிக்கை போயிடுச்சா தலைவரே?" மூக்கை உறிஞ்சும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"அய்யய்யோ, அப்படியெல்லாம் இல்லப்பா. ஞாயித்துக்கிழமை மலைக்குப் போறோம்ல, அங்க உட்கார்ந்து பேசலாம்."

"எதுல வருவீங்க? என்கிட்ட ஒரு கியர் வண்டி சும்மா நிக்குது. கிக்கர்தான் கொஞ்சம் முரடு. கொண்டாந்து விடவா?"

கிக்கர் என்ற சொல்லைக் கேட்டதுமே இடுப்பு முந்திக்கொண்டது. "வேணாம் வேணாம். நான் வீட்டுக்காரி பின்னாடி உட்கார்ந்து வரேன். புதுசா ஓட்டறவ, தனியா விட முடியாது பாரு."

போனை வைத்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. திரும்பினால் மனைவி கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"என் வண்டி சாவியக் குடுங்க."

மறுநாள் காலை காலி மைதானத்தில் பாடம் தொடங்கியது. ஆக்சிலேட்டர் என்பது என்ன, பிரேக் என்பது என்ன, பயம் என்பது ஏன் கூடாது என்று அவர் விலாவாரியாகப் பேசினார். மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு ஏறி உட்கார்ந்து, மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அவர் கால் விரலுக்கு முன்னால் பூப்போலக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

எல்லாம் தன் போதனையின் பலன் என்றே அவர் நம்பினார். அன்று கடைக்கு வந்தவர்களின் கண்ணைச் சோதித்ததை விட, தான் கற்றுக்கொடுத்த லட்சணத்தைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். "சொல்லிக் குடுக்கறதும் ஒரு கலைங்க. எல்லாருக்கும் வராது," என்றார் கண்ணைச் சுருக்கி எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தவரிடம்.

ஞாயிற்றுக்கிழமை சங்கமே வாய்பிளந்து நின்றது. வழக்கமாக முன்னால் போகும் தலைவர், மனைவியின் முதுகுக்குப் பின்னால் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு, மடியில் தண்ணீர்ப் பையோடு உட்கார்ந்திருந்தார். சமவெளியில் நாலைந்து கிண்டல்கள் பறந்துவந்தன. மலை ஏறத் தொடங்கியதும் கிண்டல்கள் பின்தங்கின, அவற்றைச் சொன்னவர்களும்தான். வளைவுக்கு வளைவு மனைவி ஒவ்வொரு வண்டியாகத் தாண்டினாள். "மெதுவா, மெதுவா," என்று அவர் கத்தியதைக் காற்று கொண்டுபோனது. உச்சியில் இருவரும் டீ குடித்து முடித்த பிறகுதான் மற்றவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

"அண்ணி, ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று ஸ்கூட்டரில் ஏறிய பல் டாக்டர் கண்ணை மூடினார். அப்புறம் இறங்க மனசே வரவில்லை. பின்னால் வரிசை நின்றது. கடைசியாக ஏறிய மெக்கானிக், "தாய் மடி மாதிரி இருக்குது," என்று முனகினார்.

தலைவருக்கு நெஞ்சிலிருந்த பாறாங்கல் இறங்கியது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒரு உண்மையச் சொல்லிடறேன். இது எனக்கு வாங்கின வண்டி. இடுப்பு வலி. என் வண்டியக் குடுத்துட்டுத்தான் இத வாங்கினேன். வெட்கப்பட்டு மறைச்சுட்டேன்."

மெக்கானிக் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "போங்க தலைவரே. அண்ணி ஓட்டின ஓட்டத்தப் பார்த்ததும் பொறாமை வந்துடுச்சா? பொண்டாட்டி வண்டியப் போய் என் வண்டிங்கறீங்களே."

"சத்தியமா என் வண்டிதான்ப்பா."

"சரி சரி, உங்க வண்டிதான்," என்று குழந்தையைத் தேற்றுவது போல முதுகைத் தட்டினார் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள். மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அவளைத் துணைத் தலைவராக்குவது என்று அங்கேயே ஏகமனதாக முடிவாயிற்று. கை தூக்கியவர்களில் தலைவரும் ஒருவர். வேறு வழி இல்லை, அதோடு ஆசையும்தான்.

இறங்கும்போது அவர் "மெதுவா" என்று கத்தவில்லை. காற்று முகத்தில் அடித்தது, இடுப்பு வலிக்கவில்லை, தூரத்து ஏரி வெயிலில் பளபளத்தது. இத்தனை வருடம் வண்டி ஓட்டி, சாலையைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லையே என்று தோன்றியது. நல்ல ஆசிரியருக்குத்தான் நல்ல மாணவி கிடைப்பாள் என்று மனைவியின் தோளைப் பெருமையோடு தட்டிக்கொடுத்தார்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் பெட்ரோல் போட நிறுத்தினார்கள். மனைவி ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "நிரப்பிடும்மா," என்றாள் அவசரமாக. குழாயைக் கையில் எடுத்த பெண், அந்தக் குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்தாள்.

"அக்கா, நீங்களா? அவரு கடைக்குப் போனதும் அந்தப் பெரிய கியர் வண்டியில பறந்து வருவீங்களே, அத விட்டுட்டு இதுக்கு மாற எப்படிக்கா மனசு வந்துச்சு?"