என் தோட்டத்தில் வேலை நிறுத்தம்

தான் விளையாடும் விளையாட்டை இன்னொருவருக்குச் சிபாரிசு செய்வதும் வரன் சொல்வதும் ஒன்றுதான். நன்றாக அமைந்துவிட்டால் சொன்னவரை யாரும் நினைப்பதில்லை. கோளாறாகிவிட்டால் பெயர் சொல்லித் திட்டுவார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாத பிறவி நான்.

போனில் ஒரு விளையாட்டுப் பிடித்துப்போனால் அதை நாலு பேருக்கு அனுப்பாதவரை எனக்குச் சோறு இறங்காது. அப்பாவுக்குச் சீட்டு விளையாட்டு ஒன்றைக் காட்டிக்கொடுத்தேன். எதிரே ஆடுவது மனிதர் இல்லை, போன்தான் என்பதை அவர் நம்பவே இல்லை. தோற்கும்போதெல்லாம் "இந்த ஆளு பித்தலாட்டம் பண்றான்" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். என்னோடு படிப்பிக்கும் தர்ஷினி டீச்சருக்கு மலைப்பாதையில் பஸ் ஓட்டும் விளையாட்டைச் சொன்னேன். (நிஜப் பஸ்ஸில் நானுஓயா வளைவுகளில் நான் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடியிருப்பேன். போனில் ஓட்டினால் ஒன்றும் செய்வதில்லை.) பதிலுக்கு அவள் எனக்குச் சொன்னதுதான் அந்தப் பண்ணை விளையாட்டு.

அதில் ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு துண்டு நிலம் தருவார்கள். கரட், கோவா, பூச்செடி என்று எதையாவது நட வேண்டும். மாடும் வளர்க்கலாம். விளைந்ததும் விரலால் தடவினால் பறிபடும். பறித்ததை விற்றால் புள்ளி வரும். பலர் சேர்ந்து ஒரு குழுவாகி, வாரா வாரம் மற்றக் குழுக்களோடு போட்டி போடலாம். அவ்வளவுதான்.

நான் ஹட்டனில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடத்தை முடித்தவள், முதலில் பட்டம் வாங்கியவள், முதலில் 'டீச்சர்' என்று கூப்பிடப்பட்டவள் நான்தான். (இந்த மூன்றையும் சொல்லாமல் நான் எந்தப் பேச்சையும் முடித்ததில்லை என்பது அப்பாவின் கணக்கு. இதோ, சொல்லிவிட்டேன்.) வாடகை அறையில் தங்கியிருந்தேன். வீடு அக்கரப்பத்தனைப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று. அம்மா அங்கே கொழுந்து பறிக்கிறவர்.

தினமும் அந்திக்கு அம்மாவிடம் பேசுவேன். பேசுவேன் என்று சொல்வது பெரிய வார்த்தை.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா."

"அங்கிட்டு மழையா?"

"மழைதான்."

அதன் பிறகு இரண்டு பேரும் மூச்சு விடுவோம். எனக்கு மாணவர்களைப் பற்றிச் சொல்ல ஆசை, அம்மாவுக்கு அது விளங்காது என்று நானே தீர்மானித்திருந்தேன். அம்மாவுக்கும் மலையில் நடந்ததைச் சொல்ல ஆசை இருந்திருக்கும், படித்த பிள்ளைக்கு அதில் என்ன இருக்கிறது என்று அவரும் தீர்மானித்திருந்தார். கடைசியில் "சரி, வச்சிரவா?" என்பார். வைத்துவிடுவோம்.

அதனால்தான் ஒரு விடுமுறைக்குப் போனபோது அம்மாவின் போனில் பண்ணை விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். விளையாட்டில் படங்கள்தான் என்பதால் தடங்கல் இல்லை.

"இதுலயும் தோட்டந்தானா?" என்றார். "பகலெல்லாம் பாக்கிறது பத்தாதா?"

"வெளாடிப் பாருங்கம்மா. இது நம்ம சொந்தத் தோட்டம்."

சொந்தத் தோட்டம் என்ற சொல் வேலை செய்தது. அடுத்த வாரமே எங்கள் பேச்சு மாறிவிட்டது. "ஒன் மாட்டுக்குத் தீனி போடாம விட்டுட்டியே" என்று தொடங்குவார். மாட்டிலிருந்து பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போவார், ஆட்டிலிருந்து அப்பாவின் முட்டிவலிக்குப் போவார், அங்கிருந்து தான் சிறுபிள்ளையாக இருந்தபோது அட்டைக்குப் பயந்து ஓடி ஓடைக்குள் விழுந்த கதைக்குப் போவார். நான் பிறந்து வளர்ந்த வீட்டில் எனக்குத் தெரியாத இத்தனை விசயங்கள் இருந்தன. போன் சூடாகும்வரை பேசினோம். வைத்துவிடவா என்று அம்மா கேட்பதே நின்றுபோனது.

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

அம்மா சொல்லி, லயத்துப் பெண்களும் விளையாட்டுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டு சரோஜா அக்கா, மேரி அக்கா, இன்னும் சிலர். அந்திக்கு வேலை விட்டு வந்து, தண்ணீரும் சிக்னலும் கிடைக்கும் பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு ஆளுக்கொரு போனோடு நிற்பார்களாம். நான் ஒரு குழு தொடங்கி எல்லாரையும் சேர்த்தேன். தொடங்கியவள் என்பதால் என் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கிரீடம் வந்தது.

கிரீடத்தைக் குறை சொல்ல முடியாது. அது படம்தான். ஆனால் ஆசிரியர் ஓய்வறையில் தர்ஷினி டீச்சர் தன் குழுவைப் பற்றிப் பெருமை பேசியபோது, "இந்த வாரம் எங்க தோட்டம் உங்களை முந்தும், பாருங்க" என்று சொன்னது நான்தான். தோட்டத்துப் பெண்கள் படித்தவர்களைத் தோற்கடிக்கிற காட்சி என் கண்ணுக்குள் ஓடியது. தோற்கடிக்கப்படப் போகிற படித்தவர்களில் நானும் ஒருத்தி என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

யார் எவ்வளவு பறித்தார்கள் என்பதை விளையாட்டுக் காட்டும். கணித ஆசிரியைக்கு அது போதும். அட்டவணை ஒன்று போட்டேன். நிறையப் பறித்தவர்களின் பெயர் பச்சையில், குறையப் பறித்தவர்களின் பெயர் சிவப்பில். தினமும் அதை வட்ஸ்அப்பில் போட்டேன். வாசிக்கத் தெரியாதவர்களுக்காகக் குரல் பதிவும் அனுப்பினேன். காலையிலேயே அனுப்பினால்தான் நாள் முழுக்க நினைவிருக்கும் என்று விடியும்போதே அனுப்பினேன்.

"எல்லாரும் கவனிங்க. நேத்து மூணு பேரு வெளைஞ்சு நிக்கிறத பறிக்கவே இல்ல. இப்படி சோம்பேறித்தனம் பண்ணுனா சரிவராது. இன்னிக்கு அந்திக்குள்ள கணக்கு முடிக்காதவங்களுக்கு அரைப்பேருதான். சொல்லிட்டேன்."

தோட்டத்தில் பறித்த கொழுந்தை எடை போடும்போது அளவு குறைந்தால் அன்றைக்குப் பாதி நாள் வேலை செய்ததாகத்தான் பதிவார்கள். அதற்குப் பெயர் அரைப்பேர். விளையாட்டில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. என் வாயில் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பிறந்ததிலிருந்து காதில் விழுந்த சொல் வேறு எங்கிருந்து வரும்? அன்றைக்கு அதை நல்ல நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே அனுப்பினேன். சிவப்புப் பெயர்களில் அம்மாவுடையதும் இருந்தது. சொந்த அம்மாவுக்குக்கூடச் சலுகை காட்டாத என் நேர்மையை நானே மெச்சிக்கொண்டேன்.

போட்டி முடிகிற சனிக்கிழமை, நாங்கள் இரண்டாமிடத்தில் இருந்தோம். இன்னும் கொஞ்சம் பறித்தால் முதலிடம். மத்தியானத்திலிருந்து யாரும் எதையும் தொடவில்லை. எல்லாருடைய நிலத்திலும் கரட்டும் கோவாவும் விளைந்து நிற்கின்றன. நான் குரல் பதிவாக அனுப்பித் தள்ளினேன். கேட்டதற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. அம்மாவுக்கு அழைத்தேன். அப்பா எடுத்தார்.

"அம்மா பேசாதாம்."

"ஏன், ஒடம்புக்கு முடியலியா?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வேலை நிறுத்தம்."

"தோட்டத்திலயா? எதுக்கு?"

"இந்தத் தோட்டத்தில இல்ல. ஒன் தோட்டத்தில." அப்பா துக்க வீட்டில் பேசுகிறவரைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பேச்சுவார்த்தைன்னா நீ நேர்ல வரணுமாம். போன்ல பேச மாட்டாங்களாம். சரோஜா சொல்லச் சொல்லுச்சு."

சரோஜா அக்கா தோட்டத்து மாதர் சங்கத் தலைவி. இதை நான் முதலில் யோசித்திருக்க வேண்டும். நாலு தலைமுறையாக வேலை நிறுத்தம் செய்து பழகியவர்களைக் குழுவில் சேர்த்துவிட்டு, சிவப்பில் பெயர் போட்டிருக்கிறேன்.

அன்று அந்தி அம்மாவின் குரல் இல்லாமல் போனது. முதலிடம் போனதுதான் துக்கம் என்று முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். கொத்துரொட்டிப் பார்சலைப் பிரித்து வைத்துவிட்டு வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டாயா என்று கேட்க யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலை போய், அங்கிருந்து அக்கரப்பத்தனை பஸ் பிடித்தேன். ஒரு கேக்கும் வாங்கிக்கொண்டேன். லயத்து வாசலில் பெண்கள் படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கடைசிப் படியில். அவர்களுக்கு எதிரே ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. டீச்சருக்கு மரியாதை என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். பேச்சுவார்த்தைக்கு வரும்போது தோட்டத்துத் துரை உட்காரும் இடம் அதுதான் என்பது, உட்கார்ந்து சேலையைச் சரிசெய்த பிறகுதான் உறைத்தது. எழுந்தால் இன்னும் அசிங்கம். அப்படியே இருந்தேன்.

"தொரசாணி நேரம் ஒதுக்கி வந்ததுக்கு நன்றிங்க" என்றார் சரோஜா அக்கா.

துரைசாணி என்றால் துரையின் மனைவி. அதைவிட அந்த 'ங்க'தான் சுட்டது. என்னைக் குளிப்பாட்டிவிட்டவர் அவர்.

"அக்கா, கேக் கொண்டாந்தேன். மொதல்ல சாப்பிடுவோம்."

"பேசி முடியாம கை நனைக்கிறதில்லிங்க. மொதக் கோரிக்கை. எங்க பேர செவப்புல போடக் கூடாது."

"சரிக்கா."

"ரெண்டாவது, விடியக்காலம் வாய்ஸ் வரக் கூடாது. மேரி, நீ சொல்லு."

மேரி அக்கா எழுந்து நின்று சொன்னார். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் நிற்கும்போது என் குரல் பதிவு வந்திருக்கிறது. என்னமோ அவசரம் என்று மேரி அக்கா சத்தமாகப் போட்டுவிட்டார். அரைப்பேர் என்ற சொல் களம் முழுக்கக் கேட்டிருக்கிறது.

"கணக்கப்புள்ள ஐயா திரும்பிப் பாத்து, 'யாரும்மா அது, எனக்குப் பதிலா புது ஐயா போட்டுட்டாங்களா?'ன்னாரு. நம்ம ரம்யா டீச்சர்ன்னேன். 'நல்லாச் சொல்லுது புள்ள. நாங்கூட இவ்வளவு கண்டிசனா சொல்றதில்ல'ன்னாரு."

படியில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பிழைத்திருப்பேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் களத்தில் பத்துப் பேருக்கு நடுவில், பெற்ற மகளின் குரலில் அரைப்பேர் என்று கேட்டுக்கொண்டு நின்றவர் அவர்.

நான் செய்திருக்க வேண்டியது மன்னிப்புக் கேட்பது. ஆனால் படித்தவள் அல்லவா, விளக்கம் சொன்னேன். "இது வெறும் வெளாட்டுத்தானே, அக்கா."

"வெளாட்டுன்னா எதுக்கு செவப்பு?" என்றார் சரோஜா அக்கா.

அம்மாவின் பக்கம் திரும்பினேன். "நீங்களாவது சொல்லியிருக்கலாமே. ஒங்க பூவெல்லாம் வந்த நாள்லேருந்து அப்படியே நிக்கிது. ஒருநா கூடப் பறிக்கல. ஏம்மா?"

"பறிக்க மாட்டேன்."

"பறிச்சாத்தானே புள்ளி வரும்?"

"வராட்டிப் போகட்டும்." அம்மா நிமிர்ந்து பார்த்தார். "கை வச்சாப் போயிருது. விட்டுட்டா நிக்குது, பாக்க நல்லாருக்கு. நாள் பூரா பறிக்கிறேன் ரம்யா. அந்தத் தோட்டத்தில ஒருத்தரும் பறின்னு சொல்ல மாட்டாங்கன்னுதான் போயி உக்காந்தேன். அங்கயும் நீ வந்துட்ட."

கோபமாகச் சொல்லவில்லை. வானிலையைச் சொல்வதுபோலச் சொன்னார். நான் நாற்காலியிலிருந்து இறங்கிக் கீழ்ப்படியில், அம்மாவின் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். போனை எடுத்துத் தலைமையை மாற்றும் இடத்தைத் தேடி அம்மாவின் பெயரை அழுத்தினேன். உறுதிதானா என்று போன் இரண்டு தரம் கேட்டது. உறுதிதான் என்றேன். கிரீடம் அம்மாவிடம் போனது.

"இனி தலைவி நீங்கதாம்மா. எப்படி வேணுமோ அப்படி நடத்துங்க."

அம்மா படியிலிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார். "அவங்கவங்க இஷ்டம்."

நிர்வாகம் அத்தோடு முடிந்தது. சரோஜா அக்கா கேக்கைத் தன் பக்கம் இழுத்து வெட்டினார். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். "சாப்பிடு புள்ள" என்றார். 'ங்க' இல்லை.

எங்கள் குழு அடுத்த வாரம் கடைசி இடத்துக்கு வந்தது. அதன் பிறகு அந்த இடத்தை விட்டு அசைந்ததில்லை. தர்ஷினி டீச்சர், "என்ன நடந்திச்சு?" என்று அனுதாபத்தோடு கேட்டாள். "தொழிலாளர் பிரச்சினை" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். (அன்றைக்கு எல்லாரும் பறித்திருந்தால் முதலிடம் எங்களுக்குத்தான் என்று இன்றும் எனக்குள் ஒரு குரல் சொல்லும். அதை வெளியே விடுவதில்லை.)

அம்மா உடனே அழைத்துவிடவில்லை. நான் அழைத்தால் அப்பாதான் பேசினார். "யோசிச்சுச் சொல்றாங்களாம்" என்றார். ஒருநாள் அந்திக்குப் போன் அடித்தது.

"யாரு, தொரசாணியா?"

"ஆமா" என்றேன்.

அம்மா சிரித்தார். போனில் அம்மா சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. நிறுத்தி நிறுத்திச் சிரித்தார். பின்னால் அப்பா என்னமோ சொல்ல, அதற்கும் சிரித்தார். பிறகு அன்றைக்கு மலையில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

இப்போது எங்கள் வீட்டில் எனக்கு அதுதான் பெயர். பஸ் விட்டு இறங்கி நடந்தால் லயத்தின் முதல் வீட்டிலிருந்தே "தொரசாணி வர்றாங்க" என்று செய்தி போய்விடும். புது விளையாட்டுச் சொல்லும் வழக்கத்தை மட்டும் என்னால் விட முடியவில்லை. போன மாதம் மீன் பிடிக்கும் விளையாட்டு ஒன்றைச் சொன்னேன். தூண்டில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதும், அருமையாக இருக்கும் என்றேன்.

சரோஜா அக்கா தீவிரமாகக் கேட்டார். "அதில எடை போடுவாங்களா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "நமக்கில்லக்கா. பிடிக்கிற மீனுக்குப் போடுவாங்க."

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"அதும் பாவம்தானே" என்றார். "வேற கேம் இருந்தாச் சொல்லு."