குண்டு ஓய்வுபெற்ற பிறகு

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையும் நானும் உடம்பளவில் சௌக்கியம். தங்கள் பண்ணையில் இரண்டு கால், நாலு கால் அனைவரும் நலமென நம்புகிறேன்.

நான் வந்து போனதிலிருந்து குண்டு தீனி எடுக்காமல் வேலியோரமே நிற்கிறான், இங்கேயே வேலைக்கு வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். வர இயலாது மச்சான். அவனை மறந்தாகிவிட்டது. பானை வயிற்றோடு எங்கள் பந்தய லாயத்துக்கு வந்த குதிரைக்குட்டிக்குக் குண்டு என்று பெயர் வைத்ததே நான்தான். அவன் சாம்பியன் ஆவான் என்று யார் கண்டது? ஒரே ஒரு பந்தயம்தான் தோற்றான், அதுவும் கடைசி வளைவில் ஓர் அம்மாளின் மஞ்சள் குடையை நின்று வேடிக்கை பார்த்ததால். "என்னய்யா புள்ள வளர்த்திருக்க?" என்று ஜாக்கி என்மேல் பாய்ந்தார். கடைசிப் பந்தயத்தில் முன்னங்கால் வீங்க வீங்க ஓடி முதலில் வந்தான். டாக்டர் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "போதும், இனி ஓடக்கூடாது" என்றார். நான் வைக்கோல் அறைக்குள் போய் நின்றுகொண்டேன், கண்ணில் தூசி. தங்கள் பண்ணைக்கு அனுப்பிய அன்று அடம்பிடிப்பான் என்று நாலு பேர் கயிறோடு காத்திருந்தோம். லாரிக்குள் புல்லைப் பார்த்ததும் தானே ஏறிவிட்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் வீட்டில் தொல்லை. விடியற்காலைத் தூக்கக் கலக்கத்தில் தங்கள் தங்கையின் கழுத்தைத் தட்டி, "சபாஷ்டா குண்டு" என்றுவிட்டேன். அவள் உடல்வாகு தங்களுக்குத் தெரியும். ஒரு வாரம் பேச்சில்லை. சரி, ஒரு தடவை பார்த்தால் மனசு ஆறும் என்று போன மாதம் வந்தேனா, "டேய், என்னைத் தெரியுதாடா?" என்று கேட்கிறேன், கேரட்டைத் தின்றுவிட்டு என் சட்டைப்பையில் மூக்கை விட்டு இன்னொன்று தேடினான், இல்லையென்றதும் பெட்டைக் குதிரைகள் பக்கம் போய்விட்டான். "விடுங்க மாப்பிள்ளை, அவருக்கு இப்ப குடும்பம் பெருசு" என்று நீங்கள் சிரித்தீர்கள். பஸ்ஸில் வீடு வரும்வரை அந்தச் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டே வந்தேன், மச்சான்.

அவன் சாப்பிடாததற்கு வெயில் காரணமாயிருக்கும், பல்வலியாயிருக்கும். நானாக இருக்க முடியாது. இனி அவனைப் பற்றி எழுதவேண்டாம். இதுவே என் முடிவு.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை

பி.கு.: தங்கள் தங்கை இதைப் படித்துவிட்டு, "இதைப் போஸ்ட் பண்ணணுமா, இல்ல நேர்லயே கொண்டுபோய்க் குடுத்துடலாமா?" என்றாள். பெட்டி ஏற்கெனவே கட்டியிருந்தது. இருந்தாலும் முறைப்படி கடிதத்தைப் போஸ்டிலேயே அனுப்புகிறேன். ஞாயிறு காலை வண்டியில் இருவரும் வருகிறோம். லாயத்துக்குப் பக்கத்து அறையைப் பெருக்கி வையுங்கள். குண்டுவிடம் மட்டும் சொல்லவேண்டாம். வண்டி தாமதமானால் பாவம், தாங்கமாட்டான்.