அணைந்த விளக்கின் ஆயுள்

மக்கள் நலன் கருதி, பெரோவ்ஸ்கைட் விளக்கின் ஒளி தொடர்ந்து ஆயிரம் மணி நேரம் குறையாமல் இருக்க வேண்டும் என்று மேலிடம் தீர்மானித்தது. பெரோவ்ஸ்கைட் என்பது ஒரு படிகம். மின்சாரம் பாய்ந்தால் கண்ணைப் பறிக்கும். ஈரமும் சூடும் பட்டால் மூஞ்சியைத் தொங்கப்போட்டுவிடும். தற்காலிக ஆய்வாளர் மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு, அந்தப் படிகத்தைக் காப்பாற்ற ஓர் உப்பைக் கண்டுபிடித்திருந்தாள். விளக்கு தேறினால் அவள் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் வீடு.

சோதனை தொடங்கிய அன்றே, மாலை ஐந்து மணிக்குக் கண்காணிப்பாளர் வந்து விளக்கை அணைத்தார்.

"ஐயோ சார்! விடாம எரியணும்!"

"மின்சிக்கனச் சுற்றறிக்கைம்மா. அஞ்சு மணிக்கு மேல ஒரு விளக்கும் எரியக் கூடாது. காலையில போட்டுக்கோங்க."

தொடர்ச்சி அறுந்ததால் மறுநாள் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. அதற்கு மறுநாளும் அப்படியே. இரண்டு மாதத்தில் விளக்கு ஒரு துளியும் மங்கவில்லை, ஆய்வாளர்தான் மங்கினாள்.

"சார், இந்த மாசத்தோட என்னை அனுப்பிடுவாங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கண்காணிப்பாளர் இளகிய மனசுக்காரர். விதிமுறையைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"ஒளி குறையக் கூடாது, அவ்வளவுதானே? அணைச்சே வச்சிடுங்க. முதல் மணியிலயும் பூஜ்யம், ஆயிரமாவது மணியிலயும் பூஜ்யம். எங்கம்மா குறைஞ்சுது?"

ஆய்வாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் வீட்டு நிலைமை அவளுக்குத் தெரியும். கண்காணிப்பாளர் மேலிடத்தில் பேசி அவளுக்கு அவகாசம் வாங்கித் தந்தார். நாற்பத்திரண்டு நாள் விளக்கு நிம்மதியாகத் தூங்கியது. வல்லுநர் குழு மீட்டரைப் பார்த்து வியந்து, 'எரியவிடாத பட்சத்தில் மிகவும் நிலையானது' என்று சான்றிதழ் வழங்கியது. அவள் வேலை நிரந்தரமாயிற்று. ஊர் முழுக்க அந்த விளக்குகளை நட்டார்கள். சான்றிதழுக்குப் பங்கம் வரக் கூடாதே என்று ஒன்றையும் ஏற்றவில்லை. இன்றுவரை ஒன்றும் பழுதானதில்லை.

ஒருநாள் நன்றாக இருட்டிய பிறகு, நெற்றி புடைக்க வீடு வந்து சேர்ந்தாள்.

"என்னாச்சு?" என்று பதறினான் கணவன்.

"விளக்குக் கம்பத்துல முட்டிக்கிட்டேன்."

"தெருவே இருட்டாக் கிடக்கு! புகார் குடுக்க வேண்டியதுதானே?"

"போன வாரமே குடுத்தேங்க. முந்நூத்திப் பன்னெண்டாவது புகார்."

"என்ன சொன்னாங்க?"

"சான்றிதழைக் காட்டித் தள்ளுபடி பண்ணியாச்சு," என்று நெற்றியைத் தடவிக்கொண்டாள். "புகாரைப் பாக்குற சீட்டுல இப்ப நான்தானே இருக்கேன்?"