சங்கு எடுத்த போட்டோ

இந்த உலகத்தில் நல்லது எதுவுமே நடக்காது என்று முழுசாக நம்பிய மனிதர் ஒருவர்தான், அவர் தி. நகரில் எங்கள் ஆபீசில் வேலை பார்த்தார். காபி சூடாக வந்தால் "ஆறிடும்" என்பார். மற்ற எல்லாவற்றுக்கும் "சங்குதான்" என்று ஒரே பதில். அதனால் அவருக்குப் பெயரே சங்கு.

தொண்ணூறுகளின் நடுவில் புடவைக் கடைகளுக்கு பார்டர் வரைந்து கொடுப்பது எங்கள் தொழில். வரைகிற புரோகிராமை, யூனிக்ஸ் என்ற சிஸ்டத்தில் ஓடும் கம்ப்யூட்டரில் சங்குவே எழுதியிருந்தார். மாங்காய், மயில், கோபுரம் எல்லாம் திரையில் கலர் கலராக வரும். அப்போது மட்டும் அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ தெரியும்.

முதலாளி ஒருநாள் யூனிக்ஸின் புதுப் பதிப்புக்கு மாறப்போவதாக அறிவித்தார்.

"சங்குதான் சார்."

"ஏன்யா எப்பப் பார்த்தாலும் அபசகுனமா பேசற?"

"படத்தைத் திரைக்குக் கொண்டு வரது டிஸ்ப்ளே சர்வர் சார். புதுசுல பழைய சர்வரையே தூக்கிட்டு வேற வெச்சிருக்கான். அதோட என் புரோகிராம் பேசாது. ஒரு மயில்கூட வராது."

"டேப்புல காப்பி எடுத்து வெச்சுக்கோ."

"வெச்சுண்டு? எதுல போட்டுப் பாக்கறது?"

முதலாளி மசியவில்லை. மறுநாள் சங்கு கேமராவோடு வந்தார். ஒவ்வொரு பார்டராகத் திரையில் வரவழைத்து, பளிச் பளிச்சென்று ஃபிளாஷ் அடித்து, சாயங்காலம்வரை படம் பிடித்தார். கல்யாண வீட்டு போட்டோகிராபர்கூட அப்படிக் குனிந்து நிமிர்ந்திருக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, புதுப் பதிப்பை ஏற்றினோம். கம்ப்யூட்டர் ஜோராக எழுந்தது. சங்கு தன் புரோகிராமின் பெயரை அடித்தார். டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை என்று ஒற்றை வரி வந்தது. அவ்வளவுதான். அவருடைய அந்த ஒரு வார்த்தைக்காக எல்லோரும் காத்திருந்தோம். அவர் பையிலிருந்து பிலிம் ரோலை எடுத்தார்.

"பரவால்ல, போட்டோ இருக்கு" என்றார். நான் அறிந்து அவர் நம்பிக்கையோடு பேசியது அன்று ஒருநாள்தான்.

பாண்டி பஜார் ஸ்டூடியோவிலிருந்து பிரிண்ட் வந்தது. ஃபிளாஷ் திரைக் கண்ணாடியில் பட்டுத் தெறித்து, எல்லாப் படத்திலும் நடுவில் வெள்ளை வெளிச்சம். அதற்கு மேலே ஒரு வழுக்கைத் தலை, மூக்குக்கண்ணாடி, கேமராவைப் பிடித்த இரண்டு கை. மாங்காயும் இல்லை, மயிலும் இல்லை.

"சொன்னேனோல்லியோ" என்று அத்தனையையும் குப்பைக்கூடையில் போட்டார். அந்த மாதமே வேலையை விட்டுப் போனார். பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

கூடையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். பார்டர் படத்தில் விழவில்லையே என்று அவருக்கு வருத்தம். அவர் விழுந்திருக்கிறார், எனக்கு அது போதும்.