நாற்பத்தொன்றாவது நாற்காலி

நாற்பத்தொன்று.

சரிபார்ப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுக் கூடத்தின் மறுகோடியிலிருந்து மறுபடி எண்ணினார். அப்போதும் நாற்பத்தொன்று. கையிலிருந்த பட்டியலோ "நாற்காலி, மரம் – 40" என்று அடம்பிடித்தது.

ஒன்று குறைந்திருந்தால் கவலையே இல்லை. "கரையான் அரித்தது" என்று ஒரே ஒரு படிவம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். கூடிவிட்டால்தான் வினை. அது எப்படி வந்தது, யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்று ஏழு படிவம், மூன்று பேர் கொண்ட குழு, விசாரணை. ஒரு சத்திரத்தில் ஒரு கரண்டி கூடுதலாக இருந்ததைக் கண்டுபிடித்த அவருடைய சீனியர், ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் இன்னும் கரண்டி விசாரணைக்குப் போய்வந்துகொண்டிருக்கிறார்.

இவருக்கு இன்றைக்குத்தான் கடைசி நாள். ஐந்து மணிக்குள் இந்த முதியோர் இல்லத்தின் கோப்பை முடித்துக் கொடுத்தால் கையில் ஓய்வு ஆணை. ஆறரைக்கு ரயில். கல்யாணமான புதிதில் "அடுத்த வருஷம் கடல் பார்க்கப் போகலாம்" என்று மனைவியிடம் சொன்னவர். அந்த அடுத்த வருஷம் முப்பத்துமூன்று வருஷம் கழித்து இன்று சாயங்காலம்தான் வருகிறது.

இல்லம் மூடி ஐந்து வருடமாகிறது. இருந்தவர்களை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இதை இடிப்பதற்குள் உள்ளே கிடப்பதை எல்லாம் எண்ணி, ஒவ்வொன்றிலும் எண் போட்ட லேபிள் ஒட்ட வேண்டும். அதில் அவர் புலி. ஆபீசில் அவருக்கு "லேபிள் சார்" என்றே பெயர்.

காலையிலிருந்து எல்லாம் அவ்வளவு அழகாகப் போயிற்று. ஒட்டடையை விலக்கி விலக்கி அறை அறையாகப் பார்த்தார். கட்டில் இருபத்தாறு, சரி. கைத்தடி பத்து, சரி. பல்செட் ஊறப்போடும் கண்ணாடிக் கிண்ணம்கூடப் பதினேழும் இருந்தன. நடைவழி அறிவிப்புப் பலகையில், "மாலை நடைப்பயிற்சிக்கு வராதவர்கள் காரணத்தை எழுத்தில் தரவும்" என்ற பழுப்பேறிய தாளும், அதன் கீழே பென்சிலால் யாரோ எழுதிய "காரணம்: கால்" என்ற பதிலும் இருந்தன. தாள் ஒன்று என்று குறித்துக்கொண்டார்.

அடுத்தது சாப்பாட்டுக் கூடம். அங்கேதான் இந்த நாற்காலி காலை வாரியது.

எல்லாம் ஆளாளுக்குத் தானமாகக் கொடுத்த நாற்காலிகள். ஒன்றைப்போல் ஒன்று இல்லை. எது கூடுதல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செல்போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான்."

"இடுப்பு எப்படி இருக்கு? உக்காந்துதானே வேலை பாக்குறீங்க?"

"உக்காரவா நேரம் இருக்கு? வைம்மா போனை."

நேரம் இருந்தாலும் உட்கார மாட்டார். எண்ண வந்த இடத்தில் அரசாங்கச் சாமானில் உட்கார்ந்தால் அதைப் பயன்படுத்தியதாக ஆகிவிடும் என்பது அவர் கொள்கை. முப்பத்துமூன்று வருடமாக நின்றே எண்ணியதில் இடுப்புதான் தேய்ந்துபோயிருந்தது.

நாற்பது லேபிளையும் ஒட்டி முடித்தார். கடைசியில் லேபிள் இல்லாமல் நிற்பதுதான் கூடுதல் என்று வைத்துக்கொள்வதென முடிவு. பிரிவுபசார விழாவுக்கென்று வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்ததால், இருப்பதிலேயே தூசி இல்லாத ஒன்றை, தூக்குவதற்குத் தோதாக விட்டுவைத்தார். கைப்பிடி வைத்த, பிரம்பு பின்னிய நாற்காலி. பட்டியலில் இல்லாதது அரசாங்கத்துடையது அல்ல. அரசாங்கத்துடையது அல்லாததை எறிந்தால் குற்றமும் அல்ல. மனசாட்சியை இப்படிச் சரிக்கட்டிவிட்டு, பின்பக்க ஜன்னல் வழியாகப் புதருக்குள் எறிந்தார்.

உற்சாகமாகச் சமையலறைக்குப் போய் வாளிகளை எண்ணினார். பன்னிரண்டு, சரி. திரும்பி வந்தால் கூடத்தின் நடுவே பிரம்பு நாற்காலி நிற்கிறது. பக்கத்தில் அவருடைய ஜீப் டிரைவர், முழங்கையில் முள் கீறலோடு.

"இது எப்படிய்யா வந்துச்சு?"

"பின்னாடி புதர்ல கிடந்துச்சு சார். கொண்டுவந்து வச்சேன்."

டிரைவர் அதற்கு மேல் பேசவில்லை. பேச மாட்டார். பதினொரு வருடத்துக்கு முன், முதல் நாள், இவர் கரண்டி எண்ணிக்கொண்டிருந்தபோது "மணி ஒம்போது சார்" என்று சொல்லிவிட்டார். எண்ணிக்கை குழம்பி, ஒரு நாள் வேலை வீணாகிப்போனது. அன்று போட்ட உத்தரவுதான்: "கேட்டா மட்டும் பேசு. கேட்டதுக்கு மட்டும் பேசு." மனிதர் அன்றிலிருந்து இம்மி பிசகியதில்லை.

"சரி, நீ போய் ஜீப்ல இரு."

மணி இரண்டு. இந்தத் தடவை நாற்காலியைத் தோளில் தூக்கி, மாடிப்படி ஏறி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்தார். இறங்கும்போது இடுப்பில் "ளொடக்" என்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, கூடத்துக்கு வந்து சேர அரைமணி நேரம் ஆயிற்று.

வந்து பார்த்தால் நாற்காலி அவருக்கு முன்னால் இறங்கியிருந்தது. பின்பக்கப் படி ஒன்று இருப்பது பட்டியலில் இல்லை. டிரைவர் அதைத் துணியால் துடைத்து, சரியாக அவருக்கு எதிரே திருப்பி வைத்துவிட்டு, எதையோ எதிர்பார்ப்பவர்போல் நின்றுகொண்டிருந்தார்.

"உன்னை ஜீப்லதானே இருக்கச் சொன்னேன்?"

"ஆமா சார்."

"அப்புறம் ஏன்யா மாடிக்கு வந்தே?"

"நீங்க நாற்காலியைத் தூக்கிட்டு மாடிக்குப் போறதைப் பாத்தேன் சார்."

போன். "ஏங்க, இப்பவாவது உக்காந்தீங்களா?"

"ஏம்மா, உனக்கு வேற கேள்வியே கிடையாதா?"

மணி மூன்றரை. இனி ஒளித்துப் பயனில்லை, அழித்துவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்தார். டிரைவரை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, சமையலறையில் நாற்காலியைத் தரையில் ஓங்கி அடித்தார். அது அசையவில்லை. இவர் இடுப்புதான் அசைந்தது. நல்ல உறுதியான மரம். யார் வாங்கினார்களோ, தட்டிப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள். அம்மிக் குழவியால் இருபது போடு போட்ட பிறகுதான் கால்கள் விட்டுக்கொடுத்தன. பழைய காகிதங்களோடு அடுப்பில் திணித்துப் பற்றவைத்தார்.

ஐந்து வருடமாகப் புகை பார்க்காத புகைபோக்கி, வந்த புகையை அப்படியே திருப்பி அனுப்பியது. சமையலறை நிறைந்து ஜன்னல் வழியே வழிந்தது. டீயோடு வந்த டிரைவர் புகையைப் பார்த்து ஓடிவந்தார். அடுப்பில் பிரம்பு எரிவதைப் பார்த்ததும் மனிதருக்கு முகம் வெளிறிப்போயிற்று.

"சார்! சார், அது..."

"நான் ஏதாவது கேட்டேனா?"

டிரைவர் வாயை மூடிக்கொண்டார். கையில் கிடைத்த வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் பாய்ந்தார். துருப்பிடித்த வாளி. தண்ணீரோடு தூக்கிக்கொண்டு அடுப்பருகே வருவதற்குள் அதன் அடிப்பாகம் தனியாகக் கழன்று, தண்ணீர் முழுவதும் லேபிள் சாரின் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. அடுப்பு தன்பாட்டுக்கு எரிந்து சாம்பலாயிற்று.

சாருக்குக் கோபம் வரவில்லை. ஒரு வாளி குறைகிறது. குறைவுதானே! "துருப்பிடித்தது" என்று ஒரே படிவம். நனைந்த சட்டையோடு நின்றபடியே எழுதிக் கையெழுத்தும் போட்டார். நாற்காலி நாற்பது. எல்லாம் சரி. மணி நாலு இருபது.

ஜீப்பில் ஏறியபோது கண்ணில் நீர் முட்டியது. புகையினால் மட்டுமல்ல. முப்பத்துமூன்று வருடத்தில் ஒரு பொருள்கூடக் கூடுதலாகக் காட்டாமல் ஓய்வு பெறுகிறார். மறுபடி போன்.

"ஏங்க, ஸ்டேஷனுக்குக் கிளம்பிட்டேன். ஒரு தடவைகூடவா உக்காரலை? நெஜமாவா? என்ன மனுஷன் நீங்க!" பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. யாரிடமாவது கேட்டால் தேவலை போலிருந்தது. பக்கத்தில் இருந்தது டிரைவர் ஒருவர்தான்.

"ஏன்யா, காலைலேருந்து உக்காந்தீங்களா, உக்காந்தீங்களான்னே கேக்குறாளே, எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?"

பதினொரு வருடமாகக் காத்திருந்ததுபோல் டிரைவர் ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"தெரியும் சார். அரசாங்க நாற்காலியில நீங்க உக்கார மாட்டீங்கன்னு, கடைசி நாளாவது உக்காந்து வேலை பாக்கட்டும்னு அம்மா நேத்து ஒரு பிரம்பு நாற்காலி வாங்கி, காலைல என்கிட்ட குடுத்துவிட்டாங்க."