நூற்று எண்பத்தாறாம் பக்கத்தில் லில்லி

தமிழ்நாட்டில் யார் புதிதாகக் கிறிஸ்தவ நாவல் எழுதினாலும் அதை முதலில் படிக்கிறவர் எங்கள் பார்சல் சார்தான். எழுதினவரே அவருக்கு அப்புறம்தான் படித்திருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பார்சல் ஆபீஸில் அவர் சீனியர் கிளார்க், நான் ஜூனியர். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்ததாம். அட்டெண்டன்ஸ் நோட்டைத் தவிர அதை யாரும் எங்கேயும் பார்த்ததில்லை.

சிவகாசியில், நாகர்கோவிலில் அச்சாகும் நாவல் கட்டுகள் எங்கள் லாரியில்தான் வரும். சாருக்கு ஒரு கொள்கை. "முழுக் கட்டைத் தொட மாட்டேம்பா, அது பாவம். கிழிஞ்ச கட்டுன்னா உள்ள சரக்கு சரியா இருக்குதான்னு பாக்கணும். அது ஆபீஸ் ரூலு." சரக்கு சரியாக இருக்கிறதா என்று தெரிய அவருக்கு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை பார்த்தாக வேண்டும். பார்த்து முடித்ததும் பிரவுன் டேப் ஒட்டிவிடுவார். சத்தியமாக அவராக எதையும் கிழித்ததில்லை. லாரியிலிருந்து கட்டை இறக்கும்போது கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பார், அவ்வளவுதான்.

"தூத்துக்குடி பக்கம் ஒரு புது ஆளு கிளம்பியிருக்காரு தம்பி," என்பார் காலையில் நான் முகத்து வேர்வையைத் துடைக்கும் முன்பே. "உப்பளத்துல ஒரு உபதேசியார் துப்பறியறாரு. கோயில் மணி காணாமப் போயிடுச்சு. தொண்ணூறாம் பக்கம் வரைக்கும் எனக்கே தெரியலைன்னா பாத்துக்கோ!" அனுப்புநர் விலாசத்தில் போன் நம்பர் இருந்தால் தீர்ந்தது. எழுதியவரையே கூப்பிட்டு வாழ்த்திவிட்டு, "எட்டாவது அத்தியாயத்துல மட்டும் மழை கொஞ்சம் ஜாஸ்திங்க," என்று குறையும் சொல்லுவார்.

அந்தக் காலத்தில் நானும் கவிதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் கவரை நானே ஓரம் கிழித்து அவர் மேஜையில் வைத்தேன். இரண்டு நிமிஷம் கழித்து டேப் ஒட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார். டேப்பை இரண்டு சுற்று ஒட்டியிருந்ததுதான் எனக்கு வலித்தது.

பவுர்ணமி என்றால் அவருக்குத் திருவிழா. ஊருக்குள் லாரியை விடமாட்டார்கள். மலை சுற்றுகிற ஜனம் தெருவை நிறைத்துக்கொண்டு போகும். சார் வெங்காய மூட்டைமேல் சாய்ந்து கதவு வழியாக மலையைப் பார்ப்பார். உச்சியில் மேகம் உட்கார்ந்திருக்கும். அவர் கண்ணில் மட்டும் அங்கே ஏதோ ஒரு நாவலின் கடல் அடித்துக்கொண்டிருக்கும். அந்த மயக்கம் மறுநாளும் தெளியாது. அப்படி ஒரு மறுநாளில், ஆரணிக்குப் போகவேண்டிய பார்சலுக்கு 'ஏலிம்புரம்' என்று பில் போட்டுவிட்டார். அது அவர் படித்துக்கொண்டிருந்த நாவலில் வரும் கிராமம்.

டிரைவர் வழியிலிருந்து போன் செய்தார். "சார், ஏலிம்புரம் மேப்புல காட்டலை. போளூர் தாண்டியா?"

சார் போனை வாங்கினார். "ஆத்தைத் தாண்டுப்பா. சாம்பல் கலர்ல சர்ச் கோபுரம் தெரியும். எதிர்க்க ரெண்டு புளியமரம்."

அரை மணி நேரம் கழித்து மறுபடியும் போன். "கோபுரம் வந்துடுச்சு சார். புளியமரம்தான் ஒண்ணு கம்மியா இருக்குது."

இப்படிப்பட்டவர் கையில்தான் லில்லி வந்து சேர்ந்தாள்.

கீழ்பென்னாத்தூரில் தையல் கடை வைத்திருக்கும் கிரேஸ் என்ற பெண்மணி எழுதிய முதல் நாவல் அது. சென்னைக் கடைக்குப் போன கட்டு, ஒன்றுகூட விற்காமல் ரிட்டர்ன் வந்திருந்தது. மூலை கிழிந்திருந்தது. சார் படித்தார். கதாநாயகி லில்லிக்கு இரண்டு பிள்ளைகள், புருஷன் கப்பலில். அவனோடு பேச சிக்னல் தேடி மொட்டைமாடிக்குப் போனவள் படியில் உருண்டு விழுகிறாள். நூற்று எண்பத்தாறாம் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாள். கீழே, 'முதல் பாகம் முற்றிற்று.'

சார் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. "ரிட்டர்ன் கட்டைக் கண்ணால பாத்தா எழுதறவங்களுக்கு மனசு விட்டுப்போயிடும் தம்பி. எத்தனை பேரைப் பாத்திருக்கேன்! அப்புறம் இந்தப் பொண்ணு கண்ணு முழிக்கவே முழிக்காது."

அதனால், கிரேஸ் போன் செய்த போதெல்லாம், "இன்னும் வரலைங்க," என்று சொல்லிக் கட்டைத் தார்ப்பாய்க்கு அடியில் ஒளித்துவைத்தார். மூன்று வாரம். இந்தப் பொய்க்கு நானும் உடந்தை. எனக்குக் கதையில் அக்கறை கிடையாது, வேடிக்கை பார்க்கும் ஆசைதான்.

மூன்று வாரம் முடிந்த சனிக்கிழமை காலையில் சாருடைய சபைப் போதகரும், பெண்கள் ஐக்கியத்தில் மூன்று அம்மாக்களும் ஆபீஸுக்கு வந்தார்கள். கையில் ஹார்லிக்ஸ், ஆப்பிள், ஒரு போர்வை.

"ஸ்தோத்திரம். லில்லி சகோதரியைப் பாக்கப் போறோம்," என்றார் ஒரு அம்மா. "எந்த ஆஸ்பத்திரிங்க? எந்த வார்டு?"

சார் என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன்.

"நூத்தி எண்பத்தாறு," என்றார் மெதுவாக.

"ரூம் நம்பரா?"

"பக்கம்."

விஷயம் வெளியே வந்தது. சர்ச்சில் இருக்கும் ஜெபக்குறிப்புப் பெட்டியில் இவர் சீட்டு எழுதிப் போட்டிருக்கிறார்: 'லில்லி, இரண்டு பிள்ளைகளின் தாய், கண் விழிக்க ஜெபிக்கவும்.' மொத்தச் சபையும் மூன்று ஞாயிறு முழங்காலில் நின்றிருக்கிறது. நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை உபவாசம் வேறு.

"இல்லாத பொம்பளைக்காய்யா பட்டினி கெடந்தோம்?" என்றார் போதகர்.

"இல்லாதவங்கன்னு சொல்லாதீங்க ஐயா. பெரிய பையனுக்கு இன்னும் பல்லுகூட விழலை."

"என் சுகரோட உபவாசம் இருந்தேங்க நானு!" என்று ஹார்லிக்ஸ் அம்மா கத்த ஆரம்பித்தபோதுதான் கவுண்டரில் ஒரு குரல் கேட்டது. விரலில் சாக்பீஸ் மாவோடு ஒரு பெண் எவ்வளவு நேரமாக நின்றிருந்தார் என்று தெரியவில்லை.

"அந்த புக்கு நான் எழுதினதுங்க. கட்டு வந்துடுச்சான்னு பாக்க வந்தேன். எடைக்குப் போட்டுடலாம்னு."

சார் போய்த் தார்ப்பாயை விலக்கினார். கிரேஸ் கட்டைப் பார்க்கவில்லை. அந்தப் போர்வையைப் பார்த்தார்.

"நிஜமாவே ஜெபம் பண்ணீங்களா?"

"பின்ன? சும்மாவா முட்டி வலிக்குது!" என்றார் ஹார்லிக்ஸ் அம்மா.

"நான்... ரெண்டாம் பாகம் எழுதியிருந்தா அவ செத்துப்போற மாதிரிதாங்க வெச்சிருப்பேன்."

பஸ் ஸ்டாண்டுவரை கேட்டிருக்கும் அந்தக் கூச்சல். மூன்று அம்மாக்களும் கவுண்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். "நல்லா இருப்பியாடி நீ? ரெண்டு புள்ளைங்க!" போதகர்கூடக் கோபத்தை மறந்து, "அந்தப் புருஷனுக்காவது தகவல் போச்சாம்மா?" என்று கேட்டுவிட்டார். கடைசியில் ஹார்லிக்ஸ் அம்மா பாட்டிலைக் கிரேஸ் கையில் திணித்தார். "நீ குடி. குடிச்சிட்டு எழுது."

கட்டிலிருந்து நான்கு புத்தகம் அங்கேயே விற்றுப்போயின. மீதியை எடைக்குப் போடாமல் கிரேஸ் மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

மறு வருஷம் சிவகாசியிலிருந்து இரண்டாம் பாகம் வந்து இறங்கியது. சாருக்கு ஒன்று இனாமாகத் தருவதாகக் கிரேஸ் சொல்லியிருந்தார். "கடையில வாங்கினாதாங்க உங்களுக்கு மரியாதை," என்று இவர் மறுத்துவிட்டார். உள்ளூர்ப் புத்தகக் கடைக்காரரோ கட்டை எடுக்க நாளைக்குத்தான் வருவார். எந்தப் புண்ணியவான் கட்டினானோ, நாலு மூலையும் கல் மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை. அன்று அந்தக் கட்டை அவர் சுற்றி வந்ததற்குக் கிரிவலப் பலன் நிச்சயம் உண்டு.

அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

"சார், இதுல ஒரு ஓரம் கிழிஞ்சிருக்குது. உள்ள சரியா இருக்குதான்னு பாத்துடுங்க."

மூலையைப் பார்த்தார். என் கையில் சாவியைப் பார்த்தார். அதன் நுனியில் பழுப்புக் காகிதம் துணுக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. "அடப்பாவி," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் தேடினார்.

அன்று வந்த பார்சல்களையெல்லாம் நானே எடை போட்டேன். வெயில் தாழ்ந்த நேரத்தில் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து கரகரத்த குரல் வந்தது.

"தம்பி... கண்ணு முழிச்சிட்டாப்பா."

நான் அந்த நாவலில் ஒரு வரிகூடப் படித்தவனில்லை. ஆனாலும் எதிர்க் கடையில் சொல்லி, லோடுமேன்கள் உட்பட எல்லாருக்கும் டீ வரவழைத்தேன்.