கருவாட்டு அக்காவின் கை

கண்டியில் சொறிவதற்கு ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு மஹய்யாவ ரோட்டைத் தாண்டிப் போகாது. எங்கள் கருவாட்டு அக்கா இருக்கும்வரை வேறு யாரும் பேர் கொடுத்துப் பிரயோசனமில்லை.

சின்ன வயதில் கன்னத்தில் அரிப்பும் புண்ணுமாகத் தொடங்கிய கரப்பான் அவளோடேயே வளர்ந்து, முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் குடியேறிவிட்டது. சீப்பால் சொறிவாள். கரண்டிக் காம்பால் சொறிவாள். கருவாடு வாங்க வந்தவர் கையில் குடை இருந்தால், அதையும் வாங்கிச் சொறிந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். நான் பக்கத்தில் கீரை விற்கிறவள். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கையில் ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும் என்றார் கிளினிக் டாக்டர். அதற்கு முன்னால் ஒரு கிழமை, ஏழு நாளும், அரிப்பை அடக்கும் குளிசை எதையும் விழுங்கக்கூடாது. விற்கிற கருவாட்டிலும் ஒரு துண்டு கொண்டுவர வேண்டும்.

அக்காவின் முகம் செத்துப்போனது. கருவாடு ஆகாது என்று வந்தால் கடையை மூட வேண்டும். அவளுக்கு வேறு தொழில் தெரியாது.

ஆனாலும் குத்துகிற நாளன்று, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு அவள் எடுத்து வந்தது முதல்தரக் கட்டாக் கருவாடு. துண்டு இல்லை, முழுசாக ஒன்று.

"ஆஸ்பத்திரிக்கு மட்டமானத கொண்டு போனா என் பேரு என்னாவுறது புள்ள?"

கிளினிக் வரிசையில் இருந்தவர்கள் தாங்களாகவே எங்களுக்கு வழிவிட்டார்கள்.

நர்ஸ் மிஸ்ஸி புண் இல்லாத இடமாகத் தேடி, பேனாவால் கோடு போட்டு, விதவிதமான மருந்தைச் சொட்டுச் சொட்டாக வைத்து, ஊசி முனையால் லேசாகக் குத்தினாள். கருவாட்டில் குத்திய ஊசியாலும் ஓர் இடத்தில் குத்தினாள். கால் மணி நேரம் இருந்தோம். ஒன்றுமே தடிக்கவில்லை. அக்கா சிரித்தாள். மிஸ்ஸி சிரிக்கவில்லை.

"அம்மா, குளிசை போட்டீங்களா?"

"சத்தியமா இல்ல மிஸ்ஸி."

"இந்த முதல் சொட்டு யாருக்கு வச்சாலும் தடிக்கணும். எனக்கே தடிக்கும். உங்களுக்குத் தடிக்கலன்னா குளிசை உள்ள இருக்கு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கருவாட்டைப் பார்த்தேன்.

"ரெண்டே ரெண்டுதான் போட்டேன்," என்றாள் அக்கா. "கருவாடு குத்தின எடம் தடிச்சா கடை போயிருமே மிஸ்ஸி."

மிஸ்ஸி திட்டவில்லை. வேறு ஒரு நாள் குறித்துக் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் அக்கா குளிசைப் பையை என் கையில் திணித்தாள். "நான் கெஞ்சினாலும் குடுக்காத."

அடுத்து வந்த ஏழு நாளை எங்கள் ரோடு மறக்காது. அக்கா விளக்குக் கம்பத்தில் முதுகைத் தேய்த்தாள்.

"அக்கா, கம்பம் சாயுது!" என்று கத்தினான் ஆட்டோக்காரன்.

"சாஞ்சா ஒன் வண்டி மேலதான் சாயும். தள்ளி நிறுத்துடா!"

கண்ணில் தண்ணீர் வரச் சொறிந்தாள். ஒரு குளிசைகூடக் கேட்கவில்லை. அதுதான் எங்கள் அக்கா.

இரண்டாம் முறை முதல் சொட்டு நன்றாகத் தடித்தது. வீட்டுத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி இருக்கிறதாம், அதற்கு வைத்த சொட்டு முதல் சொட்டைவிடப் பெரிதாக எழும்பியது. கருவாடு குத்திய இடம் மட்டும் மொழுமொழுவென்று இருந்தது.

டாக்டர் விளக்கினார். "உங்க உடம்புல ஒரு காவல்காரன் இருக்கான். சும்மா கிடக்கிற தூசியையும் கள்ளன்னு நினைச்சு அடிக்கிறான்."

"என் மாமியாரும் அப்படித்தான் டாக்டர். வாசல்ல யாரு நின்னாலும் வெளக்குமாத்தத் தூக்கிரும்."

அந்தப் பூச்சி குடியிருக்கும் என்று, கல்யாணத்துக்கு வாங்கிய பஞ்சு மெத்தையை மாற்றச் சொன்னார்கள். மாற்றினாள். உப்பில் கை வைக்கும்போது உறை போடச் சொன்னார்கள். போடுகிறாள். முடிவு தெரிந்து திரும்பிய அன்றைக்கு, பஸ்ஸில் ஏறினவர்களுக்கெல்லாம் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தாள். "பாருங்க, கருவாடு வச்ச எடம்!"

கரப்பான் முழுசாகப் போகவில்லை. அடங்கும், அவ்வளவுதான் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். களிம்பு தடவுகிறாள். கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. காலையில் பக்கத்தில் 'கர்ர்' என்று சொறிகிற சத்தம் கேட்கும். அது கேட்காத நாளில் கீரைக் கட்டை அவிழ்க்க எனக்குக் கை வராது.